பல மரம் கண்ட தச்சன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கற்றறிந்தோர் பலர் அமர்ந்துள்ள இவ்வவையில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்க் காலம் தள்ளும் எம்மையும் பேச அழைத்தார் செயலாளர். "உங்கள் பொழுதுபோக்கைப் பற்றியே பேசுங்கள்" என்றார். ஆகவே, கைத்தொழில்கள் பலவற்றைக் கற்றுப் பார்த்த கதையைச் சொல்ல வந்தோம்.

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பது பழமொழி. எம்மைக் குறித்து உறவினர் கூறுவதும் அதுவே. எம் வீட்டுப் பரண்மேல் தகரப் பெட்டி ஒன்று உண்டு. பாதி தைத்த விரிப்பு, காது ஒடிந்த மண் குதிரை, வண்ணம் முற்றுப்பெறாத படச்சுருள், இரண்டு சாண் பாய் ஆகியவை அதனுள் உறங்குகின்றன. அவற்றுள் ஒன்றேனும் விலைக்கு உரியதன்று. குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் இப்பழக்கம் எம்மைப் பற்றிய காரணத்தையும் தாங்கள் கேட்டருள வேண்டும்.

எம் தந்தையார் இவ்வூர்ப் பணிமனையில் பிட்டராக இருந்தவர். 2008-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். ஒரு நாள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, மேசை விசிறியைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டிக்கொண்டிருந்தார். விசிறியில் பழுது ஏதும் இல்லை. மூன்றாம் நாளும் அதையே கழற்றினார். மறு வாரமும் கழற்றினார். நாற்பது ஆண்டு உழைத்த கைகள் வேலை தேடி அலைவதைக் கண்டு எம் நெஞ்சம் நடுங்கியது. எமக்கும் அந்நாள் வருமன்றோ? பேனா பிடித்த கைக்கும் இன்று கணிப்பொறியின் பொத்தான்களே மிஞ்சியுள்ளன. கைக்கு ஏதேனும் கற்பிக்க வேண்டும் என்று அன்றே உறுதி கொண்டோம்.

முதலில் கற்றது காந்தாத் தையல். அடுத்த வீட்டு வங்காள மாசிமா எமக்கு ஆசிரியை ஆனார். பழம் புடைவைகளை அடுக்கி, ஓட்டுத் தையலால் இணைத்து விரிப்பாக்குவதே அக்கலை. முற்காலத்தில் புடைவைக் கரையிலிருந்து உருவிய நூலையே அதற்குப் பயன்படுத்தினராம். ஆடவன் ஊசி பிடிப்பதைக் கண்டு காலனி நகைத்தது. எம் அன்னையாரின் பழைய சுங்குடிச் சேலையே அவ்விரிப்பின் மேல்மடிப்பு ஆயிற்று. மதுரையின் முடிச்சுப் புள்ளிகள்மீது வங்கத் தையல் ஓடியது.

பின்னர், மேற்கு மேதினிபூர் மாவட்டத்துப் பிங்களாவை அடுத்த நயா கிராமத்திற்குச் சென்றோம். அங்குள்ள பட்டுவாக்கள் கதையைச் சுருளில் வரைந்து, பாடிக்கொண்டே விரித்துக் காட்டுவர். சங்குப்பூவிலிருந்து நீலம், மஞ்சளிலிருந்து மஞ்சள் வண்ணம், விளக்குப் புகைக்கரியிலிருந்து கறுப்பு என அவர்தம் வண்ணங்கள் பிறக்கின்றன. வில்வக்காயின் பிசின் அவற்றை ஒட்ட வைக்கிறது. நம் வீட்டுக் கொடியில் பூக்கும் சங்குப்பூவுக்குள் ஓர் ஓவியம் ஒளிந்திருப்பதை அன்றுதான் அறிந்தோம்.

பாங்குராவின் பிக்னா சிற்றூரில் டோக்ரா வார்ப்பைக் கண்டோம். களிமண் கருவின்மேல் மெழுகு இழைகளைச் சுற்றி, மீண்டும் மண் பூசிச் சுடுகின்றனர். மெழுகு உருகி ஓடிய இடத்தை உலோகம் நிரப்புகிறது. சுவாமிமலைச் சிற்பிகளும் மெழுகை உருக்கியே திருவுருவங்களை வார்க்கின்றனர். டோக்ராவின் உள்ளே மண் தங்கும். சுவாமிமலை உருவமோ உள்ளும் புறமும் உலோகமே. வேற்றூர் என்று நாம் எண்ணும் மண்ணில் நம் ஊரின் உறவு இவ்வாறு வெளிப்படுகிறது.

இனிப் பாயின் கதை. சபங் வட்டாரத்துக் கோரைப்பாய் பெயர் பெற்றது. 2018-இல் புவிசார் குறியீடும் எய்தியது. நம் பத்தமடைப் பாய்க்கு அதனை உடன்பிறப்பு எனலாம். சில ஆண்டுகளுக்கு முன் அதைக் கற்க விழைந்து, முற்றத்தில் மூங்கில் கட்டி நூல் பாவினோம். நூலைப் பிரித்து நிறுத்தும் துளைக்கட்டையை யாமே செய்தோம். தந்தையார் திண்ணையிலிருந்து நோக்கினார்.

"துளை கோணல்" என்றார்.

எழுந்து வந்தார். கட்டையை வாங்கினார். தம் பழைய துளைக்கருவியை எடுத்து, அளவுகோல் வைத்து, மயிரிழையும் பிசகாமல் புதிய கட்டை ஒன்று செய்தளித்தார். அப்பாயை இருவர் அமர்ந்து நெய்வதே வழக்கம். யாம் கோரையைச் செலுத்த, அவர் கட்டையால் இறுக்கினார். அதன்பின் விசிறியை அவர் தொடவில்லை. ஞாயிறுதோறும் நெய்தோம். அதுவரை எம்முடன் பேசாத தம் இளமைக் கதைகளையெல்லாம் அந்நேரத்தில் பேசினார்.

இரண்டு சாண் வளர்ந்த நிலையில் அவர் இறைவனடி சேர்ந்தார். அப்பாயை யாம் முடிக்கவில்லை. முடிக்கும் எண்ணமும் இல்லை.

ஆகவே, பழமொழி உண்மையே. எம்மால் ஒரு மரமும் வீழவில்லை. ஆனால் பல மரங்களின் நிழலில் இளைப்பாறினோம். மாசிமாவின் நட்பும் தந்தையாரின் பேச்சும் எமக்கு வாய்த்தது அந்நிழலில்தான். ஒரு கலையில் முழுத் தேர்ச்சி பெறுவோர் போற்றத்தக்கோர். அவரது உழைப்பின் அருமையை உணர்வதற்கேனும், நாம் ஊசியையும் களிமண்ணையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை களிமண்ணைக் கையில் எடுத்தால், "இதற்கு மதிப்பெண் உண்டா?" என்று வினவாதீர்கள். வீட்டில் முதியோர் இருப்பின், அவர் கைகள் அறிந்ததைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். மாதம் ஒரு ஞாயிறு இம்மன்றத்தின் கதவைத் திறந்து வைக்கச் செயற்குழு இசைந்தால், தகரப் பெட்டியோடு யாம் வந்து காத்திருப்போம். தந்தையார் செய்த துளைக்கட்டை இன்னும் உறுதியாய் இருக்கிறது. எதிரில் அமர ஒருவர் வேண்டும், அவ்வளவே.