உறையில் அச்சாகாத பெயர்கள்

(கட்சியின் பண்பாட்டு வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ரெக்கே என்றவுடன் பாப் மார்லியின் முகம் நினைவுக்கு வருகிறது. அந்த முகத்தைச் சட்டைகளிலும் தேநீர்க் கோப்பைகளிலும் அச்சிட்டு விற்கும் சந்தை, அவரது பாட்டில் ஒலித்த விடுதலைக் குரலை என்ன செய்தது என்பது தனியே பேச வேண்டிய செய்தி. இந்த உரை, ஜமைக்காவின் ரெக்கேவுக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசைக்கும் அடித்தளம் இட்ட வாத்தியக் கலைஞர்களைப் பற்றியது.

1959இல் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனத்தைத் தொடங்கிய பெரி கோர்டி, அதற்கு முன் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வெறும் சட்டகம் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் முழுக் காராக வெளிவரும் முறையை அவர் இசைக்கும் பொருத்தினார். பாடகர்கள் மாறினர், பின்னணி வாசித்தோர் பெரும்பாலும் மாறவில்லை. ஃபங்க் பிரதர்ஸ் எனப்பட்ட அக்குழுவினர், பாம்புக்குழி என்று தாங்களே பெயரிட்ட ஒலிப்பதிவுக் கூடத்தில் இரவு பகலாக உழைத்தனர். அவர்களுக்குக் கிடைத்தது கூலி. பாட்டு உலகெங்கும் விற்றபோது வந்த இலாபத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. இசைத்தட்டின் உறையில் பெயரும் இல்லை.

அவர்களுள் தலையாயவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936இல் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் பிறந்தவர். அவர் காலம்வரை பேஸ் கிதார் பெரும்பாலும் தாளத்துக்குத் துணை நின்ற கருவி. சுவருக்கு அடியிலுள்ள கல் போன்றது. ஜேமர்சன் ஒற்றைச் சுட்டுவிரலால் மீட்டி, அதைப் பாடகரோடு உரையாடும் இரண்டாவது குரலாக்கினார். சுப்ரீம்ஸ் குழுவின் ‘யூ கான்ட் ஹரி லவ்’, ஸ்டீவி வொண்டரின் ‘ஐ வாஸ் மேட் டு லவ் ஹர்’ ஆகிய பாடல்களைக் கேட்போர், சொற்களை விட்டுவிட்டு அடியில் ஓடும் அந்த ஓசையை மட்டும் பின்தொடர்ந்து பார்க்கலாம். மொழி தெரியாதவருக்கும் அது விளங்கும்.

1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான் இக்கலைஞர்களின் பெயர்கள் முறையாக அச்சேறின. மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்தது. ஆலை மூடப்பட்ட தொழிலாளரின் நிலைதான் அவர்களுக்கும். ஜேமர்சன் 1983இல், 47 வயதில் மறைந்தார். அக்குழுவைப் பற்றிய ஆவணப்படம் 2002இல் வெளிவந்தபோது அவர்களுள் பலர் உயிரோடில்லை.

கோர்டியும் கறுப்பினத்தவர்தானே என்று கேட்கலாம். ஆம். வெள்ளையர் கையிலிருந்த இசைச் சந்தையில் அவர் திறந்த வாசல் சிறியதன்று. அதை மறுப்பது வரலாற்றுக்கு நியாயமாகாது. ஆயினும் முதலாளியின் நிறம் கூலி உறவை மாற்றிவிடவில்லை.

கிங்ஸ்டன் நகரின் ஸ்டூடியோ ஒன் நிறுவனத்திலும் இதே நிலைதான். அதன் உரிமையாளர் கிளெமென்ட் டாட். அங்கே இசைப் பொறுப்பை ஏற்றிருந்த ஜாக்கி மிட்டூ 1948இல் பிறந்தவர். ஸ்காடலைட்ஸ் குழு 1964இல் உருவானபோது அவருக்கு வயது 16. ஆர்கன் வாத்தியத்தில் வாராவாரம் புதுப்புது மெட்டுகளை அவர் உருவாக்கினார். ஜமைக்காவில் ரிடிம் எனப்படும் அத்தகைய பின்னணி இசையை எடுத்து, அதன்மேல் வேறு வேறு பாடகர்கள் வேறு வேறு பாடல்களைப் பாடுவது வழக்கம். 1960களின் பிற்பகுதியில் அவரும் தோழர்களும் வாசித்த ‘ரியல் ராக்’ அப்படிப் பன்னூறு பாடல்களுக்கு அடித்தளமாயிற்று. அதன்மேல் வில்லி வில்லியம்ஸ் பாடிய ஒரு பாடலை 1979இல் லண்டனின் கிளாஷ் குழுவும் பாடியது. 1962இல் விடுதலை பெற்ற அந்நாட்டில் 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டமே நீடித்தது; 1993இல்தான் புதிய சட்டம் வந்தது. மிட்டூ அதற்கு மூன்றாண்டு முன்பே கனடாவில் காலமாகிவிட்டார்.

2004இல், அந்நிறுவனம் அமைந்திருந்த பிரென்ட்ஃபோர்டு சாலைக்கு ஸ்டூடியோ ஒன் சாலை என்று பெயர் சூட்டப்பட்டது.