எண்ணிக்கையும் ஊரடைப்பும்
(புளியங்கூடலில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொவிட் நோயின் உலகளாவிய அவசர நிலை முடிவுற்றதென 2023 மே 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஓய்ந்துபோன நோயைப் பற்றி இன்று ஏன் பேசவேண்டும் எனச் சிலர் வினவலாம். அந்நோய் எழுப்பிய கேள்விகளுக்கு இன்னும் எவரும் விடை கூறவில்லை. அடுத்த கொள்ளைநோய் வருமுன் தீவகத்து மக்களாகிய நாம் விடை தேடிக்கொள்ள வேண்டும்.

2020 மார்ச் 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் விதிக்கப்பட்டது. இரண்டு நாட்களில், அரியாலையில் 15ஆம் நாள் நடைபெற்ற ஆராதனையோடு தொடர்புடைய ஒருவர் யாழ்ப்பாண மாவட்டத்தின் முதல் நோயாளராக இனங்காணப்பட்டார். மாவட்டம் முழுவதும் அபாய வலயமாயிற்று. தடுப்பூசி இல்லாத அக்காலத்தில் ஊரை அடைத்தது தவறென்று நாம் கூறவில்லை. அடைத்தவர்கள், உள்ளே இருந்தவர்களின் அடுப்பைப் பற்றி எண்ணினார்களா என்பதே நமது கேள்வி.

இந்த அவையில் உத்தியோகத்தர்களும் இருக்கின்றீர்கள், கமக்காரர்களும் இருக்கின்றீர்கள். உத்தியோகத்தருக்கு வீட்டில் இருந்தபோதும் வேதனம் வந்தது. தோட்டத்தில் முற்றிய மரக்கறிக்கு ஊரடங்குச் சட்டம் தெரியுமா? அது சந்தை திறக்கும்வரை காத்திருக்குமா? 2020இல் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் 5,000 ரூபா கொடுத்தது. 2021 ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நீடித்த ஊரடங்கின்போது வருமானம் இழந்தோருக்குக் கிடைத்தது 2,000 ரூபா. ஆறு வாரத்திற்கு 2,000 ரூபா! கணக்குத் தெரிந்தவர்கள் வகுத்துப் பார்ப்பீர்களாக.

2020 ஒக்டோபர் முதல் வாரத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் நோய் பரவிற்று. அங்கே தொழில் புரிந்து ஊர் திரும்பிய ஒருவருக்கு நோய் காணப்பட்டதும் புங்குடுதீவு முடக்கப்பட்டது. கொழும்பிலிருந்து பார்ப்போருக்கு அது ஓர் ஊர். நமக்கோ அது வாசற்படி. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறை அங்கேதான் இருக்கின்றது. தாம்போதியின் குறுக்கே ஒரு தடை போட்டால் மூன்று தீவுகளின் அரிசிக்கும் மருந்துக்கும் வழி தேடவேண்டும். இந்த நிலவியலை அறியாமல் வரையும் கட்டளை எத்துணை நன்னோக்குடையதாயினும் தீங்கு செய்யும்.

இனி எண்ணிக்கையைப் பார்ப்போம். நாடளாவிய கணக்கில் நோயுற்றோர் 670,000க்கு மேல். மாண்டோர் 16,000க்கு மேல். பரிசோதனை நடந்த இடத்தில் நோய் தெரியும். நடவாத இடத்தில் நோயே இல்லையெனத் தோன்றும். 2020 ஏப்ரலில் யாழ்ப்பாணத்திலேயே பரிசோதனை தொடங்கியது நமக்குப் பெருந்துணை. அதில் உழைத்தோருக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். ஆயினும் 2021 ஜூனில் ஒரு நாளில் அறிவிக்கப்பட்ட மரணங்களிற் பல, வாரக்கணக்கில் முன்னர் நிகழ்ந்தவை. பழைய மரணத்தை இன்றைய செய்தியாகக் கேட்கும் ஊர் எதைக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும்? கணக்குப் பிந்தினால் வதந்தி முந்திக்கொள்ளும்.

வதந்தியின் பின்னால் பழி வந்தது. முதலில் ஒரு சபையார்மீது பழி. பின்னர் வயிற்றுப்பாட்டிற்காக ஊர்விட்டு ஊர் சென்ற தொழிற்சாலைப் பெண்கள்மீது பழி. பேலியகொடைச் சந்தையில் நோய் பரவியபின் மீன்மீதும் பழி! மக்களின் அச்சம் தீர்க்க முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னே பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். நாம் சிரித்தோம், ஆனால் வாங்குவாரின்றி வலையைச் சுருட்டி வைத்த கடற்றொழிலாளி சிரிக்கவில்லை. பழிக்கு அஞ்சுபவன் நோயை மறைப்பான்; மறைத்த நோய் அயலுக்குப் பரவும்.

தீவென்றால் ஒதுக்குமிடம் என்னும் எண்ணம் பழையது. நமது ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை ஆங்கிலேயர் காலத்தில் சிறையாகவும், பின்னர் தொற்றுநோய் மருத்துவமனையாகவும் இருந்தது. 2021 மார்ச்சில் அதே எண்ணம் இரணைதீவுக்குச் சென்றது. நோயால் மாண்ட முஸ்லிம் மக்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தது பெரும் அநீதி. அதை நிறுத்தியவர்கள், நெடுங்கால இடப்பெயர்வுக்குப்பின் மீண்ட இரணைதீவு மக்களை ஒரு சொல்லும் கேளாது அவர்களது மண்ணை அடக்கத்திற்குக் குறித்தனர். அம்மக்கள் எதிர்த்தெழுந்தபின் ஓட்டமாவடி தெரிவாயிற்று. முன்னரே கேட்டிருந்தால் இரு சமூகத்தாரின் மனமும் புண்பட்டிராதே!

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. நோய்க்கணக்கு கிராமவாரியாக, நிகழ்ந்த நாளோடு, தமிழில், அன்றன்றே வெளிவரவேண்டும். நோயாளரின் பெயர் வெளிவரலாகாது. ஊரை அடைக்குமுன் உணவுக்கும் மருந்துக்கும் விளைபொருளுக்கும் படகுக்கும் வழி வகுக்கவேண்டும். தீவகத்தைப் பற்றிய முடிவைத் தீவகத்தாரைக் கேட்டே எடுக்கவேண்டும்.

இவற்றுள் ஒன்று நம் கையிலேயே இருக்கின்றது. அயல்வீட்டில் நோய் வந்தால் படலையைச் சாத்திவிட்டுப் பழி பேசுவதா, படலையடியில் கஞ்சிச் செம்பை வைத்துவிட்டு விலகி நிற்பதா? இதற்கு எந்த அரசாங்கத்தின் கட்டளையும் வேண்டியதில்லை. அதை நாம் இன்றே தீர்மானிப்போமாக.