தேர்ச்சி அறிக்கையைப் பெற்றோர் வாசிக்கும் முறை

தவணை முடிவில் பாடசாலையிலிருந்து வீடு திரும்பும் பிள்ளையின் கையில் ஓர் அறிக்கை இருக்கும். அதனை விரித்துப் பார்க்கும் தந்தையாரின் கண் முதலில் தேடுவன இரண்டு. மொத்தப் புள்ளி எவ்வளவு என்பது ஒன்று. வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் இல்லாத அறிக்கையொன்று கைக்கு வருமாயின் அவர் திகைத்துப் போகின்றார். 'எளிய வாக்கியங்களைத் தடையின்றி வாசிக்கின்றார். இரண்டு இலக்க எண்களைக் கழிப்பதற்கு இன்னும் உதவி வேண்டும்' என்றவாறு வரிவரியாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து, 'பிள்ளை கெட்டிக்காரனா அல்லனா என்பதை இதிலே காணோமே' என்று குறைப்படுகின்றார். ஆசிரியர் தமது கடமையை மறைக்கின்றாரோ என ஐயுறுவாரும் உளர்.

இக்குறை நியாயமானதா என்பதை ஆராய்வதற்கு முன்னர், இத்தகைய அறிக்கை எங்கிருந்து வந்தது என்பதை அறிதல் நன்று. ஒரு மாணவனைப் பிற மாணவரோடு ஒப்பிட்டு அளப்பது ஒரு முறை. அவன் செய்யவேண்டிய செயலொன்றை முன்னரே வரையறுத்துக்கொண்டு, அச்செயலை அவன் செய்கின்றானா எனப் பார்த்து அளப்பது வேறொரு முறை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்க உளவியலறிஞர் ரொபேட் கிளேசர் 1963ஆம் ஆண்டில் தெளிவுற எடுத்துக்காட்டினார். பின்னர் பல நாடுகளின் ஆரம்பப் பாடசாலைகள் இரண்டாவது முறையைத் தழுவின. இலங்கையில், 1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தின் பயனாக, 1998இல் கம்பகா மாவட்டத்தில் முதற்கண் பரீட்சிக்கப்பட்டு, 1999இல் நாடெங்கும் முதலாம் தரத்திலே தொடங்கிய ஆரம்பக் கல்வித் திட்டமும் இக்கருத்தைத் தழுவியதே. அத்திட்டம் ஆரம்பப் பிரிவின் ஐந்து ஆண்டுகளையும் மூன்று முதன்மை நிலைகளாக வகுத்தது. முதலாம், இரண்டாம் தரங்கள் முதலாவது நிலை. மூன்றாம், நான்காம் தரங்கள் இரண்டாவது நிலை. ஐந்தாந் தரம் மூன்றாவது நிலை. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளை பெற்றிருக்கவேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் இவையிவை என எழுதி வைக்கப்பட்டன. அத்தேர்ச்சிகளுள் எவை கைவந்தன, எவை இன்னும் கைவரவில்லை என்று தெரிவிப்பதே தேர்ச்சி அறிக்கையின் பணி.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். மூன்றாந் தரத்தில் இரண்டு பிள்ளைகள் கணிதத்தில் 70 புள்ளி பெற்றிருக்கின்றனர் என்று கொள்வோம். இருவரும் இருபது கணக்குகளுள் பதினான்கைச் சரியாகச் செய்தவர்கள். புள்ளியை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் சமமே. ஆயின், விடைத்தாள்களைப் புரட்டிப் பார்த்தால், முதற்பிள்ளை இறுதி ஆறு கணக்குகளுக்கும் நேரம் போதாமல் விட்டிருக்கின்றது. செய்தவை யாவும் சரி. இரண்டாவது பிள்ளையோ 52 இலிருந்து 27 ஐக் கழித்து 35 என எழுதியிருக்கின்றது. அதன் பிழையான விடைகள் ஆறும் இத்தகையனவே. இரண்டிலிருந்து ஏழு போகாது என்று கண்ட பிள்ளை, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என எழுதிவிட்டது. கடன் வாங்கிக் கழிக்கும் முறை அதற்கு விளங்கவில்லை. அது கவனக்குறைவன்று, சோம்பலுமன்று. ஒன்றினிடம், பத்தினிடம் என்பவற்றின் பொருள் மனத்திற் பதியாமையே அதன் காரணம்.

முதற்பிள்ளைக்கு வேண்டியது சிறிது விரைவு. மற்றப் பிள்ளைக்கு வேண்டியது மீண்டும் கற்பித்தல். 70 என்ற எண் இவ்வேறுபாட்டை ஒளித்துவிடுகின்றது. அப்பிள்ளை அதே அறியாமையோடு நான்காந் தரத்திற்கு ஏறி, மூன்று இலக்கக் கழித்தலையும் வகுத்தலையும் சந்திக்குமாயின், '70 எடுத்த பிள்ளை 40க்கு இறங்கிவிட்டதே' என்று வீட்டில் ஏச்சு விழும். ஆனால் பிள்ளை புதிதாக எங்கும் இறங்கவில்லை. மூன்றாந் தரத்தில் தொடங்கிய குறையை எவரும் காணாது விட்டதே நடந்தது. 'கடன் வாங்கிக் கழிப்பதற்கு உதவி வேண்டும்' என்ற ஒரு வரி அன்றே எழுதப்பட்டிருந்தால், அன்றே அதனைத் தீர்த்திருக்கலாம். ஐம்பத்திரண்டு ஈர்க்குகளை எடுத்து, பத்துப்பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் பிள்ளையின் முன்னே வைத்து, இருபத்தேழைத் தரும்படி கேட்டால், ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும் என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். இதற்குப் படிப்பறிவு மிகுதியாக உள்ள பெற்றோர் வேண்டுமென்பதில்லை.

இவ்வறிக்கையை வாசிக்கும்போது பெற்றோர் மனத்தில் கொள்ளவேண்டியவை சில உள. முதலாவது, 'இன்னும் உதவி வேண்டும்' என்பது தோல்வியைக் குறிக்கும் சொல் அன்று. தேர்ச்சிகள் ஒரு நிலையின் முடிவிற்கென வகுக்கப்பட்டவை. மூன்றாந் தரத்தின் முதலாந் தவணையில் இருக்கும் பிள்ளைக்கு, நான்காந் தர முடிவில் எதிர்பார்க்கப்படும் தேர்ச்சியை அடைய நெடிய காலம் உண்டு. விதைத்த மறுமாதமே கதிரைத் தேடுவார் இல்லை. ஆனால், அடுத்தடுத்த தவணைகளிலும் அதே வரி மாறாது நிற்குமாயின், அப்பொழுது கவலைப்படவேண்டும். ஆசிரியரைச் சென்று காணவும் வேண்டும்.

இரண்டாவது, மூன்று தவணைப் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் பிள்ளையின் உண்மை நிலையை மறைக்கக் கூடும். ஒரு பிள்ளை 30, 50, 85 எனப் படிப்படியாக உயர்ந்தது. வேறொரு பிள்ளை 60, 55, 50 எனப் படிப்படியாகத் தாழ்ந்தது. இரண்டுக்கும் சராசரி 55. முதற்பிள்ளை கற்கவேண்டியதைக் கற்றுவிட்டது. தொடக்கத்தில் அறியாதிருந்தமைக்காக ஆண்டு முடிவிலும் அதனைத் தண்டிப்பது முறையன்று. மற்றப் பிள்ளைக்கோ உடனே கைகொடுக்க வேண்டும். தேர்ச்சி அறிக்கை, பிள்ளை இன்று எதனைச் செய்ய வல்லது என்பதைக் கூறுமேயன்றி, நேற்றைய அறியாமையை இன்றைய அறிவோடு கலந்து கூறாது.

மூன்றாவது, அறிவும் நடத்தையும் வேறுவேறாக நோக்கப்படவேண்டும். கொப்பியைத் துப்புரவாக வைத்திருத்தல், நேரத்திற்கு வருதல், பிறரோடு இணைந்து வேலை செய்தல் ஆகியன போற்றத்தக்க பண்புகளே. எனினும், எழுத்து அழகில்லை என்பதற்காகக் கணிதப் புள்ளியைக் குறைத்தால், அப்பிள்ளைக்குக் கணிதம் தெரியுமா என்பது பெற்றோருக்குத் தெரியாமற் போகும். அடக்கமான பிள்ளை என்பதற்காகப் புள்ளியைக் கூட்டினாலோ, வாசிக்க இயலாத பிள்ளையொன்று அமைதியின் நிழலில் ஆண்டுகள் பல கடந்துவிடும். அது வகுப்பில் எவருக்கும் தொல்லை தராது. ஆதலின் எவர் கண்ணிலும் படாது. ஐந்தாந் தரத்திற்கு வந்த பின்னரே அதன் நிலை வெளிப்படுமாயின், அதற்குள் இழந்த காலத்தை யார் ஈடு செய்வார்?

இங்கே பெற்றோர் எழுப்பும் தடையொன்றுக்கு விடை கூறவேண்டும். 'ஐந்தாந் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை காத்திருக்கின்றது. அதிலே புள்ளிதானே பேசுகின்றது? போட்டி நிறைந்த உலகிற்குப் பிள்ளையைப் பழக்கவேண்டாமா?' என்று அவர்கள் கேட்கின்றனர். இது வெறும் பேராசையால் எழுந்த கேள்வியன்று. உதவிப் பணமும் வசதிமிக்க பாடசாலையில் இடமும் அப்பரீட்சையின் பெறுபேற்றோடு பிணைந்திருக்கும்பொழுது, வறிய குடும்பமொன்று அதனைப் பொருட்படுத்தாதிருத்தல் இயலாது. ஆயினும், ஒன்றை மறக்கலாகாது. இடத்தைப் பகிர்ந்து கொடுப்பதற்காக நடத்தப்படும் பரீட்சைக்கு வரிசை வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கற்பிப்பதற்கு வரிசை வேண்டியதில்லை. பதினெட்டாம் பிள்ளை என்ற செய்தியைக் கொண்டு, நாளைக் காலை அப்பிள்ளைக்கு எதனைக் கற்பிப்பதென்று எந்த ஆசிரியராலும் தீர்மானிக்க முடியாது. அடிப்படைத் தேர்ச்சிகளை அந்தந்த நிலையில் பெற்ற பிள்ளை, போட்டிப் பரீட்சைக்கும் உறுதியான காலோடு செல்லும்.

புள்ளி பிள்ளையின் மனத்தில் என்ன செய்கின்றது என்பதும் ஆராயப்பட்டுள்ளது. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சில மாணவருக்குப் புள்ளி மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் சேர்த்து வழங்கப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவரே பின்னர் முன்னேறினர். இரண்டையும் பெற்றவர்களுக்குக் குறிப்பினால் விளைந்திருக்கவேண்டிய நன்மை கிட்டவில்லை. புள்ளியைக் கண்ட கண் அதன் கீழே எழுதியிருப்பதைப் பொருட்படுத்துவதில்லை என்று இதனை விளங்கிக்கொள்ளலாம். பிள்ளைக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் இது பொருந்தும்.

தேர்ச்சி அறிக்கைக்கும் குறைகள் உண்டு. நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனித்து எழுதுவது கடினமான வேலை. வேலைப்பளுவினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே குறியை இட்டு நிரப்பிவிடின், அவ்வறிக்கை வெறுங் கடதாசியே. 'நன்று' என்று எழுதாவிடில் பெற்றோர் சினந்து வருவர் என அஞ்சி, உண்மையை மழுப்பி எழுதுவதும் உண்டு. ஆதலின், ஆசிரியர் உண்மையை எழுதத் துணிவதற்கு, அதனைக் கேட்கும் பொறுமை பெற்றோரிடம் இருத்தல் இன்றியமையாதது. பாடத்திட்டங்களும் அறிக்கைப் படிவங்களும் காலத்துக்குக் காலம் மாறலாம். குறிகள் எண்ணாகவோ எழுத்தாகவோ இருக்கலாம். இத்தேவை மாறுவதில்லை.

பெற்றார் கூட்டத்திற்குச் செல்லும் தாய் தந்தையர், 'எத்தனையாம் பிள்ளை?' என்ற கேள்வியை வீட்டிலேயே விட்டுச் சென்று, மூன்று கேள்விகளை எடுத்துச் செல்வார்களாக. இப்பொழுது பிள்ளை உதவியின்றிச் செய்யக்கூடியது யாது? அடுத்துக் கற்கவேண்டியது யாது? அதற்கு வீட்டில் செய்யக்கூடியது யாது? இவற்றிற்கு விடை கூறவேண்டிய ஆசிரியர், பிள்ளையின் கொப்பியை ஒரு முறை கூடுதலாகப் புரட்டிப் பார்ப்பார். அப்பயனே பெரிது.

அறிக்கையைக் கொண்டுவரும் பிள்ளை, அதை வாசிப்பவரின் முகத்தையே முதலில் பார்க்கின்றது. 'முந்திய தவணையில் எழுத்துக்கூட்டி வாசித்தாய், இப்பொழுது தடையின்றி வாசிக்கின்றாய். கழித்தலை நாளை ஈர்க்கு வைத்துப் பார்ப்போம்' என்று தாயார் கூறுவாராயின், அடுத்த தவணை அறிக்கையை அப்பிள்ளை ஒளித்து வைக்க நினையாது.