நடையும் ஒரு மருந்துக் கொடை
(மேல்சித்தாமூர் திருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சிம்மபுரிநாதரின் திருவிழாவை முன்னிட்டு, வெளியூர்களில் வாழும் நம் குடும்பங்கள் எல்லாம் இங்கு ஒன்றுகூடியிருக்கின்றன. ஆனால் ஏதேனும் ஓர் ஆண்டில் ஏதேனும் ஒரு வீட்டார் மட்டும் வாராதிருப்பர். கேட்டால், "உடம்பு சற்றுச் சரியில்லை" என்ற விடை வரும். பின்னரே உண்மை புலப்படும். அந்த வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய். பெண்ணின் திருமணப் பேச்சு தடைப்படுமோ, உறவினர் விலகுவரோ, முன்வினை என்று ஊரார் பழிப்பரோ என்று அஞ்சி நோயின் பெயரையே மறைத்துவிடுகின்றனர். அம்மறைப்பால் விளையும் தீங்குகள் இரண்டு: மருத்துவம் காலந்தாழ்கிறது, நோயுற்றவர் தம் வீட்டிற்குள்ளேயே தனியராகிறார்.

வினைக்கொள்கையை உடைய நாம் நோய்க்கு மருந்து தேடலாமா என்று ஐயுறுவாரும் உளர். அவர்க்கு விடையாக ஒரு பெரியவரின் வரலாறே இருக்கிறது. காஞ்சியோடு தொடர்புடையவராகப் போற்றப்பெறும் சமந்தபத்திர ஆசாரியர், எவ்வளவு உண்டாலும் தீராத பசியைத் தரும் பஸ்மக நோயால் வருந்தினார் என்பது மரபுவழிச் செய்தி. துறவொழுக்கம் குன்றுமே என்று அஞ்சிய அவர், சல்லேகனை ஏற்க ஆசிரியரிடம் இசைவு வேண்டினார். ஆசிரியரோ மறுத்தார். அறத்திற்கு அவரால் ஆகவேண்டிய பணி மிகுதியாக உண்டு என்று கூறி, துறவுக்கோலத்தைச் சிறிது காலம் நீக்கி, நோயைத் தீர்த்துக்கொண்டு மீண்டும் வருமாறு பணித்தார். அவரும் அவ்வாறே நலம்பெற்று மீண்டார்.

இரத்தினகரண்டக சிராவகாசாரத்தை இயற்றியவர் அவரே. ஆகாரம், ஔஷதம், உபகரணம், ஆவாசம் எனக் கொடை நான்கு என்று அந்நூல் வகுக்கிறது. நோயை வாளா பொறுத்துக் கிடப்பதே அறமாயின், மருந்தைக் கொடையாக வைத்ததன் பொருள் என்ன? தமிழில் நீதிநூல் செய்த சமணச் சான்றோரும் தம் நூல்களுக்கு ஏலாதி என்றும் சிறுபஞ்சமூலம் என்றும் மருந்துகளின் பெயரையே சூட்டினர். நோய்க்கு மருந்து நாடுவது வினைக்கொள்கைக்கு மாறானதன்று.

முற்காலத்தில் ஔஷத தானம் என்பது ஒருவர் அரைத்துக் கொடுத்த மூலிகையாக இருந்தது. இன்று புற்றுநோய்க்குரிய மருந்தையும் கருவியையும் ஆராய்ச்சியையும் ஒரு வீட்டாரால் கொடுத்துவிட இயலாது. பலர் கூடிக் கொடுக்க வேண்டும். அவ்வாறு கூடிக் கொடுப்பதற்கு இக்காலம் கண்ட வழிகளுள் ஒன்று அறக்கொடை நடைப்பயணம். அதில் நோயுற்றவரே முன்னின்று நடந்தால் அக்கொடையின் ஆற்றல் எத்தகையது என்பதைக் கனடா நாட்டு இளைஞர் டெரி ஃபாக்ஸ் காட்டினார்.

1977இல், தம் 18ஆம் வயதில், எலும்புப் புற்றுநோயால் அவர் வலக்காலை முழங்காலுக்கு மேலே இழந்தார். மருத்துவமனையில் தம்மோடு இருந்த பிற நோயாளிகளின் துன்பம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1980 ஏப்ரல் 12ஆம் நாள், நாட்டின் கிழக்குக் கடற்கரையிலிருந்து செயற்கைக் காலோடு மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். நாள்தோறும் ஏறக்குறைய 42 கிலோமீட்டர். நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் ஒரு டாலர் வீதம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அளிக்க வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். தம் பெயரால் வணிகம் நடப்பதற்கு அவர் இசையவில்லை. 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1ஆம் நாள் ஓட்டம் நின்றது. அவர் மேலைக் கடலைக் காணவில்லை. ஆயினும் 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 41 இலட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அது தலைக்கு ஒரு டாலர் என்ற கணக்கை எட்டியது. அவ்வாண்டு ஜூன் 28இல் அவர் மறைந்தார். அன்று தொட்டு அவர் பெயரால் ஆண்டுதோறும் பல நாடுகளில் மக்கள் ஓடியும் நடந்தும் நிதி திரட்டுகின்றனர். அங்கே வெற்றி தோல்வி இல்லை, பரிசு இல்லை. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் அந்நிகழ்வு நடந்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் ஒரு நோயின் துயரமே பெரிய அறமாக வளர்ந்தது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வழியே நிதி திரட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1955இல் அங்கே பணியேற்ற டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும்வரை அதற்கே வாழ்ந்தார். பொதுமக்கள் சிறுகச் சிறுக அளித்த கொடை அம்மருத்துவமனைக்கு உரமாயிற்று.

நோயுற்றவர் நடக்கலாமா என்று கேட்பீர்கள். படுத்தே கிடக்க வேண்டும் என்ற பழைய கருத்தை மருத்துவ உலகம் விட்டு நெடுங்காலம் ஆயிற்று. மருத்துவரின் இசைவோடு அவரவர் ஆற்றலுக்கு ஏற்ப நடப்பது சிகிச்சைக் காலத்துச் சோர்வைக் குறைக்கும். உள்ளத்திற்கும் ஊக்கம் தரும். டெரி ஃபாக்ஸைப் போல் ஓட வேண்டியதில்லை. தெருமுனை வரை நடந்தாலும் அது நடையே.

நடை நம் மரபுக்குப் புதிதன்று. முனிவர்கள் ஊர்தி ஏறாமல், உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் நிலம் நோக்கி அடிவைத்து, ஊர்தோறும் விகாரம் செய்வதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆண்டுக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன், இவ்வூர்த் தெருக்களில் நம் குடும்பங்கள் கூடி நடக்கலாம். திரளும் நிதி, இப்பகுதியில் எச்சமயத்தவராயினும் புதுச்சேரி ஜிப்மருக்கோ காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கோ சென்றுவரும் எளியோரின் வழிச்செலவுக்குப் பயன்படட்டும். மருத்துவமனையில் துணைக்கு இருக்க இளைஞர் நால்வர் முன்வந்தால், அது பணத்தினும் பெரிய கொடை.

ஒன்று மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். நோயுற்றவரை வற்புறுத்தி முன்னிறுத்துதல் ஆகாது. அது அறத்தின் பெயரால் செய்யும் இம்சை. அவர் விரும்பினால் முன்னே நடக்கட்டும். விரும்பாவிடில் திண்ணையில் அமர்ந்து பார்க்கட்டும். ஆனால் அவர் முன்வரும் நாளில், "உங்களுக்கு எதற்கு இந்த அலைச்சல்?" என்று எவரும் தடுக்க வேண்டா. அவர் நடையின் வேகத்திற்கு நம் நடையைத் தளர்த்திக்கொள்வோம்.

தம் நோயைப் பெயரிட்டுச் சொல்லி ஒருவர் தெருவில் நடப்பாராயின், அதே ஐயத்தோடு வீட்டில் ஒடுங்கியிருக்கும் மற்றொருவர் மறுநாளே மருத்துவரை நாடுவார். அங்கே காக்கப்படுவது ஓர் உயிர்.

அறம் வளர்க.