கேட்க ஒரு ஆள் வேணும்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கம் செய்யப்பட்டு, வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)



2023 பிப்ரவரியில நம்ம விழுப்புரம் மாவட்டத்தோட பேரு நாடு முழுக்கச் செய்தியில ஓடினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விக்கிரவாண்டி பக்கத்துல குண்டலப்புலியூர். அங்க அன்பு ஜோதி ஆசிரமம்னு ஒரு இல்லம். மனநலம் பாதிக்கப்பட்டவங்க, வயசானவங்க, ரோட்டுல திரிஞ்சவங்கன்னு 140-க்கும் மேற்பட்டவங்க அங்கிருந்து மீட்கப்பட்டாங்க. பலரை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனாங்க. அடிச்சாங்க, கட்டிப்போட்டாங்க, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செஞ்சாங்கன்னு புகார்கள் வந்தது. உரிய உரிமம் இல்லாமலே இல்லம் நடந்ததா அதிகாரிகள் சொன்னாங்க. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போச்சு. யார் மேல குற்றம்னு முடிவு பண்றது நீதிமன்றத்தோட வேலை. அதுக்குள்ள நான் போகல.

நான் பேச வந்தது, அந்தக் கதவு எப்படித் திறந்ததுங்கறதைப் பத்தி. அங்க சேர்த்திருந்த ஒரு பெரியவரைப் பார்க்கணும்னு அவங்க குடும்பம் கேட்டது. அவரை பெங்களூருல வேற இல்லத்துக்கு மாத்திட்டோம்னு பதில் வந்தது. அங்க தேடினா ஆள் இல்லை. அவங்க விடல. புகார் கொடுத்தாங்க, சென்னை உயர் நீதிமன்றத்துல ஆட்கொணர்வு மனு போட்டாங்க. "எங்க ஆளு எங்கே?"ன்னு ஒரு குடும்பம் திரும்பத் திரும்பக் கேட்டதுலதான் எல்லாமே வெளியே வந்தது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. உள்ளே இருந்தவங்கள்ல எத்தனை பேருக்கு வெளியே அப்படிக் கேட்க ஒரு ஆள் இருந்திருக்கும்?

இதுக்கு முன்னாடி ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டத்துல தனியார் நடத்தின ஒரு மனநலக் காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் செத்துப்போனாங்க. சங்கிலியில கட்டியிருந்ததால அவங்களால ஓட முடியல. உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்கா எடுத்தது. அதுக்கப்புறம் சட்டமும் மாறிச்சு. 2017-ல மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து, 2018 மே மாசம் நடைமுறைக்கு வந்தது. மனநோய் உள்ள யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாதுன்னு அதுல தெளிவா எழுதியிருக்கு. அப்புறமும் ஒரு குண்டலப்புலியூர்.

ஏன்? வீட்டுல இருக்கறவங்க கல் நெஞ்சுக்காரங்களா? இல்லைங்க. எங்க அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். பத்தொன்பது வருஷமா மாத்திரையில இருக்காரு. திண்டிவனம் பக்கத்துல ஒரு கிராமம் எங்களுது. ஆரம்பத்துல மாசா மாசம் கீழ்ப்பாக்கம் போவோம். போக வர ஒரு முழு நாள், ரெண்டு பேரோட கூலி போயிடும். அப்புறம் ஜிப்மர். மாவட்ட மனநலத் திட்டம் வந்தபிறகு பக்கத்துலயே டாக்டரைப் பார்க்க முடியுது, மாத்திரையும் கிடைக்குது. அது பெரிய விஷயம், நான் குறைச்சுச் சொல்லமாட்டேன். ஆனா மாத்திரை ஒரு மாசம் நின்னா என்ன ஆகும்? அவரு தூங்கமாட்டாரு. ராத்திரி கிளம்பிடுவாரு. பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன்னு தேடணும். கைவசம் இருக்கற சிகிச்சை அறுந்துபோற இடத்துலதான், "எங்கிட்ட விட்டுடுங்க, நான் பார்த்துக்கறேன்"னு சொல்ற யாரோ ஒருத்தர் தெய்வமாத் தெரியறாரு.

அப்படி ஒரு தடவை நடந்தது. ஒரு அரசு மருத்துவமனையில, பேரு வேண்டாம், தொடர்ந்து ரெண்டு மாசம் அண்ணனோட மாத்திரை இல்லைன்னுட்டாங்க. "வெளியில வாங்கிக்கோம்மா"ன்னு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. வரிசையில நின்னவங்க எல்லாருக்கும் அதே பதில். ஒரு பெரியம்மா, "ஒண்ணைப் பாதியா ஒடைச்சுக் கொடுக்கறேன்"னு சொன்னாங்க. எனக்கு வயிறு கலங்கிடுச்சு.

சட்டத்துல 18-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கற மனநல மருந்துகள், சமுதாய சுகாதார நிலையத்துல ஆரம்பிச்சு அதுக்கு மேல உள்ள எல்லா அரசு மருத்துவமனையிலும் எப்பவும் இலவசமாக் கிடைக்கணும். "எப்பவும்"ங்கறது முக்கியம். குறைந்தபட்ச மனநலச் சேவைகூட மாவட்டத்துல இல்லைன்னா, அதே மாவட்டத்துல வேற இடத்துல சிகிச்சை எடுத்துக்கலாம், அந்தச் செலவை அரசு ஏத்துக்கணும். இது சலுகை இல்ல, உரிமை.

நான் அன்னைக்கே மனு எழுதினேன். மருந்து பேரு, எந்தெந்த தேதியில இல்லைன்னு சொன்னாங்க, எந்தப் பிரிவுல உரிமை இருக்கு, இவ்வளவுதான். ஒரு பக்கம். வரிசையில இருந்தவங்ககிட்ட கையெழுத்துக் கேட்டேன். எட்டுப் பேர் போட்டாங்க. மூணு பேர் போடல. ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "தப்பா நினைச்சுக்காத தாயீ, சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்க்கறோம். இங்க வந்து நிக்கறதே யாருக்கும் தெரியாது"ன்னாங்க. அவங்களை நான் எப்படித் தப்பா நினைப்பேன்? மனுவை மருத்துவமனையில கொடுத்து, நகலைத் திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல கொடுத்து ரசீது வாங்கினேன். அடுத்த மாசம் மருந்து இருந்தது. மனுவாலதான் வந்ததான்னு யாரும் எங்கிட்ட சொல்லல. ஆனா அந்த ரசீது எங்கிட்ட இருக்கு. மறுபடி நின்னா அதைக் காட்டிக் கேட்பேன்.

கையெழுத்துப் போடாத அந்த அம்மாவைத்தான் நான் அதிகம் நினைக்கறேன். மனநல சேவைக்கு யாரும் குரல் கொடுக்கறதில்லைன்னு சொல்றாங்களே, காரணம் அங்கதான் இருக்கு. ரோடு சரியில்லைன்னா ஊரே போய் நிக்கும். இதுல கேட்க வாயைத் திறந்தாலே வீட்டு விஷயம் வெளியே வந்துடும். அதனால இதை நோயாளி வீட்டுக்காரங்க மட்டுமே கேட்கணும்னு விட்டுடக் கூடாது.

மருந்து இருப்பு இருக்கா, மனநல மருத்துவர் என்னைக்கு வர்றாருங்கறதை யார் வேணா கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்கலாம். கிராம சபையில கேட்டுத் தீர்மானமாப் பதியச் சொல்லலாம். யார் பேரையும், யார் நோயையும் சொல்லத் தேவையில்லை. வாத்தியார் கேட்கட்டும். மகளிர் குழுவுல கேட்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்கட்டும்.

வீட்டுல நோயாளி இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அவங்க தெளிவா இருக்கும்போது, தனக்காகப் பேச ஒருத்தரை நியமிக்கலாம். வெள்ளைத் தாள்ல எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ போட்டாப் போதும். சட்டத்துல அவருக்கு நியமனப் பிரதிநிதின்னு பேரு. சிகிச்சையில குறை இருந்தா 28-வது பிரிவுப்படி நோயாளியோ அந்தப் பிரதிநிதியோ முதல்ல பொறுப்பு மருத்துவர்கிட்ட புகார் கொடுக்கலாம். பதில் திருப்தி இல்லைன்னா மனநல மறுஆய்வு வாரியம், அதுக்கும் மேல மாநில மனநல ஆணையம்.

இன்னொண்ணு. நம்ம ஊரு சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மேல இருக்கு. விழுப்புரம் பெரிய ரயில் சந்திப்பு. எங்கெங்கேயோ கிளம்பினவங்க இங்க வந்து இறங்கிடறாங்க. அப்படித் திரியறவங்களைப் பார்த்தா போலீசுக்குச் சொல்லுங்க. 24 மணி நேரத்துக்குள்ள அவங்களை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகணும், லாக்கப்புல வைக்கக் கூடாது. ஆதரவில்லாம திரியறவங்கன்னா காணாமல் போனவர்னு எஃப்.ஐ.ஆர். பதிஞ்சு குடும்பத்தைத் தேடறதும் போலீஸ் கடமை, 100-வது பிரிவு. யாரோ வேன்ல ஏத்திக்கிட்டுப் போனா, "எந்த இல்லம்? மனநலச் சட்டப்படி பதிவு இருக்கா?"ன்னு கேளுங்க. அந்தக் கேள்வியைக் கேட்டா நல்லா நடத்தறவங்க கோவிச்சுக்கமாட்டாங்க.

பேசணும்னு தோணினா 14416, டெலிமானஸ். அரசோட இலவச மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், 24 மணி நேரமும் இருக்காங்க.

அடுத்த கிராம சபை உங்க ஊர்ல என்னைக்குன்னு பார்த்து வைங்க. "நம்ம ஆஸ்பத்திரியில மனநல மாத்திரை இந்த மாசம் இருக்கா?" இதை மட்டும் கேட்டுட்டு, என்ன பதில் வந்ததுன்னு எனக்கு எழுதுங்க.