இரண்டரை வினாடிப் பயணம்

(சங்கத்தின் வெள்ளி விழாவில், அழகர்கோவிலில் ஆற்றிய உரை)



அறிவியல் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். திரவ எரிபொருள் இராக்கெட்டின் தொடக்ககாலச் சோதனைகளை எடுத்துக்கொண்டோம். கல்விச் சங்கத்துக்கும் இராக்கெட்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு, அதைக் கூறவே வந்தோம்.

திருவிழாவில் நாம் காணும் வாணம் திட மருந்தால் செல்வது. பற்றவைத்தால் தீருமட்டும் எரியும். இடையில் அடக்க இயலாது. திரவ எரிபொருள் அவ்வாறன்று. எரிபொருள் ஒரு கலத்திலும், அதை எரிக்கும் பிராணவாயு திரவ வடிவில் மற்றொரு கலத்திலும் இருக்கும். இரண்டும் குழாய்வழி வந்து எரியறையில் கலந்து எரியும். வரத்தை அடைத்தால் தீயும் அடங்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர்மீது தோல்பையால் தண்ணீர் பீய்ச்சும் அன்பர்களைப் பார்த்திருப்பீர்கள். பையை அழுத்த, குறுகிய வாய்வழியே நீர் விரைந்து பாய்கிறது. எரியறையின் வெப்ப வாயுவும் அவ்வாறே கீழ்நோக்கிப் பாய்கிறது. அதன் எதிர்விசையால் கலம் மேலே எழுகிறது.

இவ்வெண்ணத்தை முதலில் கணக்கிட்டு எழுதியவர் இரஷ்ய நாட்டுப் பள்ளியாசிரியர் சியோல்கோவ்ஸ்கி. இளமையில் நோயால் செவிப்புலன் குன்றியவர். அதனால் பள்ளிக் கல்வி வாய்க்காமல், நூல்களைத் தாமே படித்துக் கற்றவர். திரவ ஹைட்ரஜனையும் திரவப் பிராணவாயுவையும் எரித்து விண்ணில் செல்லலாம் என்று 1903ஆம் ஆண்டிலேயே எழுதினார். பள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளையின் சிந்தனை அது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

எண்ணத்தைச் செயலாக்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் இராபர்ட் கொடார்டு. இராக்கெட்டு சந்திரனை எட்டக்கூடும் என்று அவர் எழுதியதற்காக, 1920இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு அவரை எள்ளி நகையாடியது. உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கும் அறிவுகூட அவருக்கு இல்லை என்பது அதன் கருத்து. அவர் சோர்ந்துவிடவில்லை. 1926 மார்ச் 16ஆம் நாள், ஆபர்ன் என்னும் ஊரில், உறவினர் ஒருவரின் பண்ணையில், பெட்ரோலும் திரவப் பிராணவாயுவும் கொண்ட கலத்தைச் செலுத்தினார். அது பறந்தது இரண்டரை வினாடி. எழுந்த உயரம் 41 அடி. ஒரு தென்னை மர உயரம்கூட இல்லை! ஆயினும், 1969இல் மனிதனைச் சந்திரனுக்குச் சுமந்து சென்ற கலமும் திரவ எரிபொருளால் எழுந்ததே. அது புறப்பட்ட மறுநாள், ஜூலை 17இல், அந்நாளேடு தன் பழைய கூற்றுக்கு வருத்தம் தெரிவித்தது. அதைக் காணக் கொடார்டு உயிரோடு இல்லை, 1945இலேயே மறைந்துவிட்டார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியில் படித்த நம்பி நாராயணன், இஸ்ரோவில் திரவ எரிபொருள் பொறிக்காக முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர். 1974இல் பிரான்ஸ் நாட்டு நிறுவனத்தோடு உடன்படிக்கை ஏற்பட்டது. நம் பொறியாளர்கள் அங்கே சென்று உழைத்து, வைகிங் பொறியின் நுட்பத்தைக் கற்றுவந்தனர். அதன் பயனே விகாஸ் பொறி. 2023இல் சந்திரயான் 3 கலத்தை ஏந்திச் சென்ற ஊர்தியிலும் அதுவே பணிபுரிந்தது. நமக்குத் தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இத்தகைய பொறிகளைச் சோதிக்கின்றனர்.

ஆனால் கடுங்குளிர்த் திரவங்களால் இயங்கும் கிரையோஜெனிக் பொறியை நாம் எளிதில் பெறவில்லை. 1991இல் சோவியத் நாட்டோடு செய்த ஒப்பந்தம் அமெரிக்காவின் எதிர்ப்பால் 1993இல் மாற்றப்பட்டது. பொறி தருவோம், பொறி செய்யும் அறிவைத் தரமாட்டோம் என்பதே மாற்றத்தின் சாரம். எழுத்தறிவு மறுக்கப்பட்ட சமுதாயத்தில் பிறந்த நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

நம் அறிவியலார் தாமே முயன்றனர். 2010 ஏப்ரலில் உள்நாட்டுக் கிரையோஜெனிக் பொறியோடு ஏவப்பட்ட கலம் தோல்வியுற்றது. எவரும் அத்துறையை இழுத்து மூடிவிடவில்லை. பிழையைத் தேடினர், திருத்தினர், மீண்டும் மீண்டும் சோதித்தனர். 2014 ஜனவரி 5ஆம் நாள் வெற்றி கிட்டியது. அதில் எரிந்தவை, சியோல்கோவ்ஸ்கி 1903இல் எழுதிய அதே இரண்டு திரவங்களே.

பெரியோர்களே! தோற்ற பொறிக்கு நான்கு ஆண்டு அவகாசம் தந்தது நாடு. பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிய நம் பிள்ளைக்கு நாம் எத்தனை நாள் தருகிறோம்? முடிவு வந்த மறுவாரமே மகன் கட்டட வேலைக்குப் போகிறான். மகள் பஞ்சாலைக்குப் போகிறாள். துணைத் தேர்வு என்னும் வாய்ப்பை அரசு வைத்திருக்கிறது. அந்தச் சில வாரங்கள் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கத்தான் ஆள் இல்லை. தேறிய பிள்ளைக்கும் வேறொரு தடை. "அறிவியல் பிரிவு உனக்கு வராது" என்று சொல்லித் திருப்பிவிடுவோர் உண்டு. கொடார்டுக்கும் அவ்வாறே சொன்னார்கள்.

ஆகவே சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். ஒன்று: தேர்வில் தவறிய ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் முடிவு வந்த அன்றே சங்கத்தார் செல்ல வேண்டும், துணைத் தேர்வு வரை மாலை வகுப்பு நடத்த வேண்டும். இரண்டு: சங்கக் கட்டடத்தின் ஓர் அறை ஆய்வகமாக வேண்டும். நோட்டும் சீருடையும் கொடுப்பது நற்பணியே. ஆனால் அது செய்த பொறியைக் கொடுப்பது போன்றது. நம் பிள்ளைகள் தம் கையால் சோதனை செய்து கற்பதே பொறி செய்யும் அறிவு.

2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவராகப் பொறுப்பேற்ற வி. நாராயணன், குமரி மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, தமிழ்வழியில் பள்ளிக் கல்வி கற்றவர். கிரையோஜெனிக் பொறிக்காகவே உழைத்தவர். மகேந்திரகிரிக்குச் செல்லும் வழி நம் பள்ளிகளிலிருந்தும் உண்டு. அவ்வழியில் நம் பிள்ளைகளின் முதல் எழுச்சி இரண்டரை வினாடியே ஆயினும், அதைத் தோல்வி என்று எண்ணாதிருப்போம்.

வளர்க சங்கத்தின் பணி!