மலைப் பாதையில் மோட்டார் சைக்கிள்



திருவனந்தபுரத்தில், பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் பயணம் கிளம்புவோர் பலர். அந்த ஊரிலிருந்து பொன்முடி மலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வழியில் 22 கொண்டை ஊசி வளைவுகள்.

ஏறப் பயப்படுவோர் உண்டு. உண்மையில் இறக்கம்தான் ஆபத்து. பெட்ரோல் மிச்சம் என்று சிலர் எஞ்சினை அணைத்து, வண்டியை உருட்டி விடுவார்கள். பொல்லாத சிக்கனம்! பிரேக்கை மட்டும் நம்பி, அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறும், பிடிப்புக் குறையும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். கிடுகிடு பள்ளத்தைப் பார்க்காதீர்கள். போக வேண்டிய பாதையைப் பாருங்கள்.

முதல் நாளே 22 வளைவும் வேண்டாம். நான்கைந்தில் ஏறி இறங்குங்கள். பயம் தெளியும்.

குறுகிய இடத்தில், ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். இது சாலை விதி.